கட்டற்ற மென்பொருளும் அதைக் காக்கும் சமூகமும்

கட்டற்ற மென்பொருள் என்பது, தன் மூலநிரலைப் பயனருக்குத் திறந்து காட்டி, அதைப் பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் உரிமை தரும் மென்பொருள் ஆகும். இது திறந்த மூல மென்பொருள் என்றும் அழைக்கப்படுகிறது. லினக்ஸ் கரு, பயர்பாக்ஸ் உலாவி, லிப்ரெஆபீஸ் அலுவலகத் தொகுப்பு, பைத்தான் நிரல்மொழி, விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளத்தில் இருப்பதும் லினக்ஸ் கருவே. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீத்திறன் கணினிகள் அனைத்தும் லினக்சில்தான் இயங்குகின்றன.

இத்தகைய மென்பொருளுக்கு உரிமம் ஒரு பாதி. அதைச் சுற்றி உழைக்கும் சமூகம் மறு பாதி. உரிமம் கதவைத் திறந்து வைக்கிறது. உள்ளே சென்று வேலை செய்ய ஆள் இல்லையென்றால் திறந்த கதவால் பயனில்லை. தமிழ் கணினிக்குள் வந்த வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அந்த வரலாற்றையும், கடலூர், சிதம்பரம் வட்டாரத்துக்கு அதனால் என்ன பொருள் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

மூலநிரல் என்றால் என்ன?

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர்கள் சி++ மொழியில் நிரல் எழுதப் பழகுகிறார்கள். இரண்டு எண்களைக் கூட்டும் சிறிய நிரல் ஒன்றை ஒரு மாணவி எழுதுவதாகக் கொள்வோம். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய அந்த வரிகளே மூலநிரல். நிரல்பெயர்ப்பி எனப்படும் கம்பைலர், அதைக் கணினிக்கு மட்டும் புரியும் இயங்கு கோப்பாக மாற்றித் தருகிறது.

மாணவி தன் தோழிக்கு இயங்கு கோப்பை மட்டும் கொடுத்தால், தோழி அதை இயக்கிக் கூட்டல் செய்து பார்க்கலாம். விடை தவறாக வந்தால் பிழை எங்கே இருக்கிறது என்று அவளால் காண முடியாது. பெருக்கலையும் சேர்க்க விரும்பினால் வழியில்லை. திரையில் வரும் சொற்களைத் தமிழில் மாற்றவும் இயலாது. மூலநிரலும், அதை மாற்றிக்கொள்ளும் அனுமதியும் கிடைத்தால் இவை எல்லாம் முடியும். மூடிய மென்பொருளுக்கும் திறந்த மூல மென்பொருளுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

விலையில்லாதது வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் இலவசத்தையும் விடுதலையையும் குறிப்பதால் அங்கே நெடுநாள் குழப்பம் உண்டு. தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'விலையில்லா' என்ற சொல் அரசு நலத்திட்டங்கள் வழியாக எல்லோருக்கும் தெரியும். 'கட்டற்ற' என்பது வேறு பொருள் தருகிறது. காசு கொடுக்காமல் பதிவிறக்கும் ஒரு கைப்பேசிச் செயலி விலையில்லாதது; மூலநிரலைத் தராவிட்டால் அது கட்டற்றது ஆகாது. மறுபுறம், கட்டற்ற மென்பொருளை விலைக்கு விற்கவும் தடையில்லை. விற்பவர், வாங்குபவரின் உரிமைகளைப் பறிக்கக் கூடாது என்பதே நிபந்தனை.

கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நான்கு உரிமைகளை வகுத்துள்ளது. எந்த நோக்கத்துக்கும் இயக்கும் உரிமை முதலாவது. எப்படி வேலை செய்கிறது என்று படித்து, தன் தேவைக்கு மாற்றும் உரிமை இரண்டாவது. படியெடுத்துப் பிறருக்குத் தரும் உரிமை மூன்றாவது. மாற்றிய வடிவத்தையும் பிறருக்குத் தரும் உரிமை நான்காவது. குனு பொதுமக்கள் உரிமம், சுருக்கமாக ஜிபிஎல், இவற்றோடு ஒரு கடமையையும் சேர்க்கிறது: மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்குபவர், தாம் பெற்ற அதே உரிமைகளை அவர்களுக்கும் தர வேண்டும். தமிழில் இதை அளிப்புரிமை என்பர். எம்ஐடி, பிஎஸ்டி, அப்பாச்சி போன்ற உரிமங்களில் இந்தக் கடமை இல்லை. ஆயினும் அவையும் திறந்த மூல உரிமங்களே.

சுருக்க வரலாறு

கணினியின் தொடக்கக் காலத்தில் நிரல்களைப் பகிர்ந்துகொள்வது ஆய்வகங்களில் இயல்பாக இருந்தது. 1970களின் இறுதியில் நிறுவனங்கள் மூலநிரலை மறைக்கத் தொடங்கின. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த அச்சுப்பொறியின் நிரலைத் திருத்த முயன்றார். தாள் சிக்கிக்கொண்டால் பயனர்களுக்குச் செய்தி அனுப்பும் சிறு வசதியைச் சேர்ப்பதே அவர் நோக்கம். மூலநிரல் மறுக்கப்பட்டது. 1983 செப்டம்பரில் அவர் குனு திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989இல் ஜிபிஎல் உரிமத்தின் முதல் பதிப்பும் வந்தன.

1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயங்குதளக் கருவை எழுதி வருவதாக இணையத்தில் தெரிவித்தார். 1992இல் அதை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். குனு கருவிகளும் லினக்ஸ் கருவும் சேர்ந்து முழுமையான இயங்குதளம் ஆயின. 1998இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை வெளியிட்டது. அவ்வாண்டில்தான் 'திறந்த மூலம்' என்ற பெயரும் பிறந்தது. கட்டற்ற மென்பொருள் என்போர் பயனரின் உரிமையை முன்னிறுத்துவர்; திறந்த மூலம் என்போர், பலர் கூடி உருவாக்குவதால் வரும் தரத்தை முன்னிறுத்துவர். இரு சாராரும் பயன்படுத்தும் உரிமங்கள் ஏறக்குறைய ஒன்றே.

பூட்டிய அறையும் படியெடுக்கும் கையும்

சிதம்பரத்தோடு தொடர்புடைய மரபுச் செய்தி ஒன்று இங்கே நினைக்கத்தக்கது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் அறை ஒன்றில் பூட்டிக் கிடந்தன என்றும், நம்பியாண்டார் நம்பியின் துணையோடு சோழ மன்னன் அந்த அறையைத் திறப்பித்தபோது ஏடுகளில் பெரும்பகுதியைச் செல் அரித்திருந்தது என்றும் திருமுறை கண்ட புராணம் கூறுகிறது. எஞ்சியவை தொகுக்கப்பட்டு, படியெடுக்கப்பட்டு, இன்றுவரை வழங்குகின்றன. ஓலை சில நூற்றாண்டுகள்தான் தாங்கும். அதில் உள்ளது நிலைக்க வேண்டுமானால், அறை திறந்திருக்க வேண்டும். படியெடுக்க ஆளும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

கணினியிலும் தமிழுக்கு இதே நிலை வந்தது. 1990களில் தமிழ் எழுத்துரு தயாரித்த ஒவ்வொரு நிறுவனமும் எழுத்துகளுக்குத் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. அதை விற்ற நிறுவனம் மூடப்பட்டாலோ, புதிய விண்டோஸ் பதிப்பில் மென்பொருள் இயங்க மறுத்தாலோ, கோப்பு இருந்தும் படிக்க முடியாது. ஏடு இருக்கிறது, எழுத்தைச் செல் அரித்துவிட்டது என்பது போன்ற நிலை இது.

இதற்குத் தீர்வு பொதுத் தரம். உலகத் தமிழர்கள் இணையத்தில் கலந்துபேசித் திஸ்கி குறியாக்கத்தை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 1991ஆம் ஆண்டின் முதல் பதிப்பிலிருந்தே ஒருங்குறி எனப்படும் யூனிகோடில் தமிழ் இடம்பெற்றிருந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. பழைய எழுத்துருக்களில் உள்ள கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகளைத் தன்னார்வலர்கள் எழுதித் திறந்த மூலமாக வெளியிட்டனர். பைத்தான் மொழிக்கான 'ஓப்பன்-தமிழ்' நிரல் தொகுப்பிலும் இத்தகைய மாற்றிகள் உள்ளன. படியெடுக்கும் வேலையை இன்று இவை செய்கின்றன.

ஓர் எழுத்து திரைக்கு வரும் வழி

தரம் வகுத்தவுடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. 'கொ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒருங்குறியில் முதலில் 'க' சேமிக்கப்படுகிறது; அடுத்து ஒகரக் குறி சேமிக்கப்படுகிறது. திரையிலோ ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் ககரத்துக்குப் பின்னும் வர வேண்டும். சேமிக்கும் வரிசை ஒன்று, காட்டும் வரிசை வேறு. இடையில் எழுத்தை வடிவமைக்கும் நிரல் ஒன்று தேவை. அது இல்லாத கணினிகளில் கொம்பும் காலும் இடம் மாறிக் குழம்பித் தெரிந்ததைத் தொடக்கக் காலப் பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று இந்த வேலையைப் பெரும்பாலும் ஹார்ப்பஸ் என்ற திறந்த மூல நிரல் செய்கிறது. பயர்பாக்ஸ், குரோம், லிப்ரெஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகியவை இதைப் பயன்படுத்துகின்றன. ஒரே இடத்தில் தமிழுக்குச் செய்யும் திருத்தம் இத்தனை மென்பொருள்களுக்கும் போய்ச் சேர்கிறது.

எழுத்துருக்களிலும் இதே வழி நடந்தது. லோகித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை ஆகியவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. இவற்றில் மீரா இனிமை, மலையாளக் கணிமைக்காக உழைக்கும் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பினர் தமிழுக்குத் தந்தது. தட்டச்சுக்குத் தமிழா குழுவின் இ-கலப்பை விண்டோஸ் பயனர்கள் பலருக்கு உதவியது. அதன் மூலநிரலும் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப்பட்டது. லினக்சில் ஐபஸ் என்ற கருவி வழியாகத் தமிழ்99, ஒலியியல் முறை, இன்ஸ்கிரிப்ட் ஆகிய விசைப்பலகைகளைப் பயன்படுத்தலாம்.

மொழிபெயர்ப்பும் மூலநிரலும்

மென்பொருளின் பட்டியல்களையும் செய்திகளையும் தமிழில் தருவதற்குத் தன்மொழியாக்கம் என்று பெயர். லினக்சின் கேடிஇ, குநோம் திரைச்சூழல்களைத் தமிழாக்கும் பணி 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேயே தொடங்கியது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் வாழும் தன்னார்வலர்கள், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், யாரும் சம்பளம் தராமல் அதைச் செய்தனர். மூடிய மென்பொருளில் ஒரு மொழி இடம்பெற வேண்டுமானால், அதில் இலாபம் உண்டு என்று நிறுவனம் கருத வேண்டும். திறந்த மூலத்தில் விருப்பமுள்ள ஒருவர் இருந்தால் வேலை தொடங்கிவிடுகிறது.

இது வெறும் அகராதி வேலையும் அன்று. 'ஹோம்' என்ற பொத்தானுக்கு 'வீடு' என்று எழுதினால் சிரிப்புக்கிடமாகும். 'முகப்பு' என்றே எழுத வேண்டும். இதைவிடக் கடினமான சிக்கல் இலக்கணத்தில் உள்ளது. ஆங்கிலத்தில் 'இதை நீக்கவா?' என்று கேட்கும் தொடரில், 'இதை' என்ற இடத்தில் எந்தப் பெயர்ச்சொல்லையும் அப்படியே செருகலாம். தமிழில் 'படம்' என்பது 'படத்தை' ஆகிறது. 'கோப்பு' என்பது 'கோப்பை' ஆகிறது. 'வீடு' என்பது 'வீட்டை' ஆகிறது. பெயரைச் செருகிப் பின்னால் ஐகாரத்தை ஒட்டினால் 'படம்ஐ நீக்கவா?' என்ற அலங்கோலம் வரும். மொழிபெயர்ப்பாளர் தொடரை மாற்றி, 'நீக்க வேண்டியது: படம். சரியா?' என்பதுபோல் எழுதிச் சமாளிக்கலாம். அது போதாத இடத்தில் நிரலையே மாற்ற வேண்டும். மூலநிரல் கையில் இருந்தால்தான் அது முடியும். எனவே இங்கே தமிழாசிரியருக்கும் இடம் உண்டு, நிரலருக்கும் இடம் உண்டு.

தமிழ்நாட்டில் வளர்ந்த விதம்

சென்னையின் லினக்ஸ் பயனர் குழு, ஆர்வலர்கள் மாதந்தோறும் கூடிப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தியது. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு சிறு நகரிலிருந்து தொடங்கி, இன்று இணையவழிக் கூட்டங்களையும் நடத்துகிறது. விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குப் பயிற்சி தருகிறது. புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் வன்பொருள் இயக்கம் செயல்படுகிறது. 1993வரை கடலூரும் விழுப்புரமும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தவை. ஆகவே கடலூர் மாணவருக்கு இக்குழுக்கள் வடக்கிலும் மேற்கிலும் பேருந்தில் எளிதில் சென்று சேரக்கூடிய தொலைவிலேயே உள்ளன.

அரசுத் தரப்பிலும் முயற்சிகள் நடந்தன. 2005இல் சென்னையில் சி-டாக் நிறுவனமும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயு-கேபிசி ஆய்வு மையமும் இணைந்து கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தைத் தொடங்கின. டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய இயங்குதளத்தைச் சென்னை சி-டாக் உருவாக்கியது. தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட், 2006, 2007ஆம் ஆண்டுகளில் லினக்சுக்கு மாறும் முயற்சியில் முனைந்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் நிறுவித் தரப்பட்டது. 2015இல் இந்திய அரசு, தன் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை வெளியிட்டது.

2018இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு நூல்கள் உபுண்டு லினக்சையும் ஓப்பன்ஆபீசையும் அறிமுகப்படுத்தின. 2019இல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் வந்தது. இதனால் கடலூரிலோ சிதம்பரத்திலோ காட்டுமன்னார்கோயிலிலோ மேல்நிலைப் பள்ளியில் கணினி படிக்கும் மாணவர், பெயர் தெரியாமலேயே கட்டற்ற மென்பொருளைப் படித்துவிடுகிறார். அண்டை மாநிலமான கேரளம், தன் பள்ளிகளின் கணினிக் கல்வியையே 2000களில் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, ஆசிரியர்களுக்குத் தொடர் பயிற்சியும் தந்தது. மென்பொருளை நிறுவித் தருவதோடு நிற்காமல், அதைக் கற்பிக்கும் ஆசிரியரையும் ஆயத்தப்படுத்தியதே அங்கு முயற்சி நிலைத்ததற்குக் காரணம்.

எழுத்துப் பணியிலும் தமிழ்ச் சமூகம் முன்னிற்கிறது. 2003 செப்டம்பரில் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் இன்று ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ், கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்பிக்கிறது. 2013இல் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் திட்டம், எழுத்தாளர்களின் ஒப்புதலோடு படைப்பாக்கப் பொதும உரிமத்தில் மின்னூல்களை வெளியிடுகிறது.

ஆழிப்பேரலையும் சகனாவும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தேவனாம்பட்டினம் முதல் பரங்கிப்பேட்டை, கிள்ளை வரை கடலோரக் குப்பங்கள் சிதைந்தன. அப்போது எழுந்த கேள்விகள் எளியவை, விடைகள்தாம் அரியவை. காணாமற்போனவர் எந்த முகாமில் இருக்கிறார்? எந்த முகாமுக்கு எத்தனை பாய், எவ்வளவு அரிசி தேவை? எந்த அமைப்பு எந்த ஊரில் பணிசெய்கிறது? ஓர் ஊருக்கு உதவி குவிய, அடுத்த ஊருக்கு ஒன்றும் போகாமல் இருப்பது பேரிடர்க் காலத்தில் அடிக்கடி நிகழ்வது.

அதே அலை இலங்கையில் பல்லாயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டது. அங்கே மென்பொருள் வல்லுநர்கள் தன்னார்வமாகக் கூடி, சில வாரங்களுக்குள் ஒரு பேரிடர் மேலாண்மை மென்பொருளை எழுதினர். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் 'சகனா' என்ற பெயரை அதற்கு இட்டனர். காணாமற்போனோர் பதிவு, முகாம் பதிவு, உதவி அமைப்புகளின் பட்டியல், தேவைகளின் பட்டியல் ஆகியவை அதில் இருந்தன. லங்கா மென்பொருள் அறக்கட்டளை அதைத் திறந்த மூலமாக வளர்த்தது.

அது இலங்கையோடு நிற்கவில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் நிலச்சரிவு, 2010 ஹெய்ட்டி நிலநடுக்கம் ஆகியவற்றில் அது பயன்பட்டது. ஒவ்வொரு நாட்டினரும் தம் தேவைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். 2006ஆம் ஆண்டுக்கான சமூக நலத் திட்ட விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சகனாவுக்கு வழங்கியது. மூடிய மென்பொருளாக இருந்தால், இடிபாடுகளுக்கு நடுவே ஒப்பந்தம் பேசி, விலை தந்து, திருத்தக் கோரிக்கை வைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கும். பேரிடருக்குக் காத்திருக்க நேரமில்லை.

2011 டிசம்பர் இறுதியில் தானே புயலையும், 2015 நவம்பரில் பெருவெள்ளத்தையும் கடலூர் மாவட்டம் கண்டது. கெடிலம், தென்பெண்ணை, கொள்ளிடம் ஆகிய ஆறுகள் கடலைச் சேரும் இம்மாவட்டத்துக்கு நல்ல வரைபடம் உயிர் காக்கும் கருவி. 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப், யார் வேண்டுமானாலும் திருத்தி, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தக்கூடிய உலக வரைபடம். 2015 சென்னை வெள்ளத்தின்போது நீர் தேங்கிய தெருக்களை மக்களே குறித்துக் காட்டிய வரைபடம் இதன்மேல்தான் அமைக்கப்பட்டது. ஆனால் யாரோ ஒருவர் முன்கூட்டியே வரைந்து வைத்த தெருவைத்தான் வெள்ளத்தன்று குறிக்க முடியும். வரைபடத்தில் இல்லாத குப்பத்துக்குப் படகு வழி தேடி வராது.

சமூகம் எவ்வாறு இயங்குகிறது?

ஒரு திறந்த மூலத் திட்டத்தில் பலவகைப் பணிகள் உண்டு. பயனர் ஒருவர் பிழையைக் காண்கிறார். எந்தப் பதிப்பில், என்ன செய்தபோது, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று தெளிவாக எழுதித் தெரிவிக்கிறார். இதை வழு அறிக்கை என்பர். மற்றொருவர் அதைச் சரிசெய்து, மாற்றிய வரிகளை அனுப்புகிறார். திட்டத்தின் பராமரிப்பாளர் அவற்றைப் படித்து, குறை இருந்தால் சொல்லி, சரியானால் சேர்க்கிறார். இன்னும் சிலர் கையேடு எழுதுகிறார்கள், மொழிபெயர்க்கிறார்கள், புதியவர்களின் ஐயங்களுக்கு விடை தருகிறார்கள். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதைக் கிட் என்ற கருவி பதிந்து வைக்கிறது. அதையும் 2005இல் உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்சே.

எல்லோரும் ஊதியமின்றி உழைக்கிறார்கள் என்று எண்ணுவதும் தவறு. லினக்ஸ் கருவுக்குப் பங்களிப்போரில் பெரும்பாலோர் இன்று நிறுவனங்களின் ஊழியர்கள். தமிழ்க் கணிமைப் பணியோ இன்னும் பெரும்பாலும் தன்னார்வலர்களின் மாலை நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமையையும் நம்பியே நடக்கிறது.

கவனிப்பார் இல்லாதபோது

கடலூர் மாவட்டம் வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அது தானாக எரியவில்லை. நாள்தோறும் யாரோ அரிசி தருகிறார்கள், யாரோ விறகு தள்ளுகிறார்கள், யாரோ பாத்திரம் கழுவுகிறார்கள். பொதுவில் உள்ள எதுவும் இப்படித்தான் நிலைக்கும். மென்பொருளும் விலக்கன்று.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் ஹார்ட்பிளீட் எனப் பெயரிடப்பட்ட பெரும் பிழை வெளிப்பட்டது. இணைய வங்கி முதல் மின்னஞ்சல் வரை உலகெங்கும் தகவலைக் காக்கும் பூட்டு அந்த நிரல். பெரும் நிறுவனங்கள் அதைப் பயன்படுத்தின. அதைக் காக்க முழுநேரமாக உழைத்தவர்களோ ஓரிருவரே. மூலநிரல் எல்லோர் கண்முன்னும் இருந்தும் பிழை இரண்டு ஆண்டுகள் கவனிக்கப்படாமல் கிடந்தது. திறந்திருப்பது, பார்க்கப்படுவது ஆகாது.

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியில் வேண்டுமென்றே நுழைக்கப்பட்ட கள்ளவழி ஒன்று வெளிப்பட்டது. தனியாளாக அதைப் பராமரித்துச் சோர்ந்திருந்தவருக்கு, இரண்டாண்டுக் காலம் நல்லவர்போல் உதவி நம்பிக்கை பெற்ற ஒருவர் செய்த வேலை அது. ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, காரணம் தேடிப்போய், அதைக் கண்டுபிடித்தார். இந்த நிகழ்ச்சியில் இரு பாடங்கள் உண்டு. ஆளில்லாத் திட்டம் ஆபத்தானது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் வெளியார் ஒருவரால் அதைப் பிடிக்க முடிந்தது.

தமிழுக்கு இதில் எச்சரிக்கை உள்ளது. ஒரு மென்பொருளின் தமிழாக்கத்தை ஒருவரே பல ஆண்டுகள் செய்து, பின் பணியாலோ குடும்பத்தாலோ விலகினால், புதிய பதிப்புகளில் ஆங்கிலச் சொற்கள் மெல்லத் திரும்பிவரும். ஒருமுறை முடித்துவிட்டு மறக்கக்கூடிய பணி அன்று இது. வயலைப்போல் ஆண்டுதோறும் களையெடுக்க வேண்டும். 'பைல்' என்பதற்குக் கோப்பா கோவையா என்ற விவாதத்தில் தொடக்க ஆர்வம் முழுவதும் செலவாகிவிடுவதும் உண்டு. கலைச்சொல்லில் கருத்து வேறுபாடு இயல்பே. ஆயினும் ஒரு மென்பொருளுக்குள் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது என்ற உடன்பாடாவது தேவை.

மாணவர்கள் தொடங்க வழிகள்

நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே இங்கு வேலை என்று மாணவர்கள் பின்வாங்க வேண்டியதில்லை. கடலூர், சிதம்பரம் வட்டார மாணவர்கள் தம் ஊரில் இருந்தபடியே செய்யத்தக்க பணிகள் பல.

முதலாவது, வரைபடம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஓர் இடத்துக்குப் பொதுப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தனியே பதியலாம். தம் ஊரின் தெரு, பள்ளி, குடிநீர்த் தொட்டி, புயல் பாதுகாப்பு மையம், வாய்க்கால் பாலம் ஆகியவை உள்ளனவா என்று பார்த்து, இல்லாதவற்றை நேரில் கண்டு சேர்க்கலாம். வேறு வரைபடங்களிலிருந்து படியெடுத்துச் சேர்ப்பது உரிமத்துக்கு முரணானது.

இரண்டாவது, மெய்ப்புப் பார்த்தல். விக்கிமூலத்தில் பழந்தமிழ் நூல்களின் பக்கப் படங்களும், கணினி அவற்றிலிருந்து படித்தெடுத்த உரையும் அருகருகே இருக்கும். கணினி தவறாகப் படித்த எழுத்துகளைத் திருத்த, நல்ல தமிழும் பொறுமையும் போதும். நாளுக்கு ஒரு பக்கம் திருத்தினால் ஆண்டு முடிவில் ஒரு பெரிய நூல் தேறும்.

மூன்றாவது, குரல். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்யலாம். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் நகரத்துக் குரல்களை மட்டும் கேட்டுப் பழகினால், கடலோர ஊர்களின் பேச்சு அவற்றுக்குப் புரியாமல் போகும்.

நான்காவது, தமிழாக்கம். பயர்பாக்ஸ் போன்றவற்றின் தொடர்களை உலாவி வழியாகவே மொழிபெயர்க்கலாம். முதலில் ஏற்கெனவே உள்ள தமிழாக்கத்தைப் பயன்படுத்திப் பார்த்து, புரியாத சொற்களைக் குறித்துக்கொள்வது நல்ல தொடக்கம்.

நிரல் கற்கும் கல்லூரி மாணவர்கள், தாம் அன்றாடம் பயன்படுத்தும் ஒரு சிறு மென்பொருளில் புதியவர்களுக்கென்று குறிக்கப்பட்ட வழுக்களைத் தேடலாம். முதல் மாற்றம் திருப்பி அனுப்பப்பட்டால் மனம் தளரக் கூடாது. பராமரிப்பாளர் குறிப்பிடும் குறை, கட்டணமின்றிக் கிடைக்கும் பாடம். அனுப்பிய மாற்றங்கள் பொதுவில் பதிவாகி இருப்பதால், வேலை தேடும்போது மதிப்பெண் பட்டியலோடு சேர்த்துக் காட்டத்தக்க சான்றாகவும் அவை அமையும்.

ஆசிரியர்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. பாடநூலில் உபுண்டு பற்றிய பகுதியை வாய்ப்பாடமாக முடிக்காமல், ஆய்வகத்தில் ஒரு கணினியிலேனும் அதை நிறுவி, மாணவர்கள் கையால் தமிழில் ஒரு பத்தி தட்டச்சு செய்ய வைக்கலாம். நிறுவும்போது ஏதேனும் கோளாறு வரும். அதைச் சரிசெய்ய அவர்கள் தேடும் விடையை, முகம் தெரியாத ஒருவர் எங்கோ எழுதி வைத்திருப்பார். கட்டற்ற மென்பொருள் சமூகம் என்றால் என்ன என்பது அன்று அவர்களுக்கு விளங்கும். அடுத்து வரும் மாணவருக்காகத் தாம் கண்ட விடையைத் தமிழில் எழுதி வைத்தால், அவர்களும் அச்சமூகத்தில் சேர்ந்துவிட்டார்கள்.